ஜிம்மில் எவ்வளவு நேரம்? புதிதாகச் சேர்ந்தவர்கள் கோட்டை விடும் இடங்கள்

வேளச்சேரியோ பெரம்பூரோ அண்ணா நகரோ, புதிதாக ஜிம்மில் சேர்ந்தவர் முதல் வாரத்தில் கேட்பது ஒன்றுதான்: "மாஸ்டர், டெய்லி எவ்ளோ நேரம் பண்ணணும்?" பக்கத்தில் இருப்பவர் யாராவது "ஒரு மணி நேரம் போதும்" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்தும் அதே எடையையே தூக்கிக்கொண்டு நிற்பவர்களை எந்த ஜிம்மிலும் பார்க்கலாம். டவல் கொண்டு வா, ஷூ போடு, பிளேட்டைத் திரும்ப எடுத்து வை என்பதெல்லாம் சுவரிலேயே ஒட்டியிருக்கும். இங்கே நேரக் கணக்கில் நடக்கும் தவறுகள் மட்டும்.

நேரத்தை முதலில் முடிவு செய்வது

நேரம் கடைசியில் வர வேண்டிய விடை. முதலில் செட்டை எண்ணுங்கள் (ஒரு பயிற்சியை நிறுத்தாமல் சில முறை செய்வது ஒரு செட்). புதிதாகச் சேர்ந்த ஒருவரின் ஒரு நாள் பயிற்சி இது: ஸ்குவாட் (எடை மாட்டிய கம்பியான பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்துப் பாரை மேலே தள்ளுவது), ரோ (எடையை உடம்பை நோக்கி இழுப்பது), ஷோல்டர் பிரஸ் (தலைக்கு மேலே தள்ளுவது), ஒவ்வொன்றிலும் 3 செட். மொத்தம் 12 செட். ஒரு செட் முடிய 30 முதல் 40 நொடி ஆகும் என்றால், 12 செட்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் 8 நிமிடம்தான். ஸ்குவாட்டுக்கும் பெஞ்சுக்கும் செட்டுக்கு 3 நிமிடம், மற்ற இரண்டுக்கும் 2 நிமிடம் ரெஸ்ட் என்றால் 30 நிமிடம். வார்ம்-அப் 12 நிமிடம். பிளேட் மாற்றவும் பெஞ்சுக்குக் காத்திருக்கவும் ஒரு 8 நிமிடம். கூட்டினால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவாக வரும். டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது) இருக்கும் நாளில் இதுவே 75 நிமிடம் ஆகும். டம்பெல் மட்டும் எடுக்கும் நாளில் 45 நிமிடத்தில் முடியும். மூன்றும் சரியான நேரம்தான்.

இந்தக் கணக்கில் எட்டு நிமிடம் வேலை, முப்பது நிமிடம் ரெஸ்ட். இது தெரியாததால்தான் அடுத்த தவறு நடக்கிறது.

ரெஸ்ட்டை வெட்டுவது

சென்னை ஜிம்களில் அதிகம் பேரைக் கெடுப்பது இதுதான், அதுவும் நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில். சாயங்காலம் ஏழு மணி. பாரைத் தாங்கும் ஸ்குவாட் ராக் ஒன்றே ஒன்று, பின்னால் நாலு பேர். புதிதாக வந்த பையன் 60 கிலோவில் 8 ரெப் (ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் ஒரு ரெப்) முடித்துப் பாரை வைக்கிறான். "நிக்காத, சூடு ஆறிடும், அடுத்தது போடு" என்று ஒரு குரல். 45 நொடியில் மறுபடி பாருக்குள் போகிறான். இந்த முறை 5 வருகிறது. அடுத்ததில் 4, அதிலும் கடைசி இரண்டில் இடுப்பு முதலில் மேலே வருகிறது, முதுகு வளைகிறது. சட்டை நனைந்திருக்கிறது, கால் நடுங்குகிறது. "செம வொர்க்அவுட்" என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

கணக்குப் போட்டால், அவன் எடுத்தது 17 ரெப். 3 நிமிடம் விட்டு எடுத்திருந்தால் 8, 8, 7 என்று 23 வந்திருக்கும். 60 கிலோவில் 6 ரெப் என்றால் 360 கிலோ வேலை கைவிட்டுப் போயிற்று, அதுவும் ஒரே பயிற்சியில். அடுத்த வாரம் எடை ஏறாது. "எனக்கு 60 கிலோ ஒத்துவரலை" என்று 50-க்கு இறங்குவான். அதையும் 45 நொடி ரெஸ்ட்டில்தான் செய்வான். இரண்டு மாதத்தில் புரோட்டீன் பவுடரை மாற்றுவான், மூன்றாவது மாதம் ஜிம்மையே மாற்றுவான். தப்பு கடிகாரத்தில் இருக்கிறது என்று யாரும் அவனிடம் சொல்வதில்லை. கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

காரணம் எளிது. கனமான எடையைத் தூக்கும்போது முதல் சில நொடிகளுக்குத் தசை நம்பியிருப்பது கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பை. செட் முடிந்ததும் அதில் பாதி சுமார் ஒரு நிமிடத்துக்குள் திரும்பிவிடும். கிட்டத்தட்ட முழுதாக நிரம்ப 3 முதல் 5 நிமிடம் வேண்டும். பாதி நிரம்பியதும் பாருக்குள் போனால், தசைக்கு வேலை கிடைப்பதற்கு முன் மூச்சு வாங்கிவிடும்.

2016-ல் பிராட் ஷோன்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் ஏற்கெனவே எடை தூக்கிப் பழகிய ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, 8 வாரம் ஒரே பயிற்சியைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு 1 நிமிட ரெஸ்ட், இன்னொன்றுக்கு 3 நிமிடம். ஸ்குவாட், பெஞ்ச் இரண்டிலும் 3 நிமிடக் குழுவின் பலம் கூடுதலாக ஏறியது. அவர்களுக்குத் தொடையின் முன்பக்கத் தசையும் அதிகம் தடித்தது.

செய்ய வேண்டியது இது. பாரை ராக்கில் வைத்த நொடியில் போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். ஸ்குவாட், டெட்லிஃப்டுக்கு 3 நிமிடம். 5 ரெப்புக்குள் கனமாக எடுத்தால் 4 வரை போகலாம். பெஞ்சுக்கு இரண்டரை முதல் 3. ரோ, ஷோல்டர் பிரஸ், லாட் புல்டவுனுக்கு 2. பைசெப்ஸ் கர்ல், லேட்டரல் ரைஸுக்கு 60 முதல் 90 நொடி. அந்த இடைவெளியில் நாலு அடி நடங்கள், ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள், எடையையும் ரெப்பையும் எழுதிவையுங்கள். எடையைக் குறைக்காமலே இரண்டாவது செட்டில் 2 ரெப்புக்கு மேல் விழுந்தால் ரெஸ்ட் போதவில்லை. 30 நொடி கூட்டுங்கள்.

பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்று கூச்சப்பட வேண்டாம். "அண்ணா, மாத்தி மாத்திப் போடலாமா?" என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே ராக்கைப் பகிர்ந்தால், மற்ற இருவரின் செட்டும் பிளேட் மாற்றுவதும் முடிவதற்குள் உங்கள் 3 நிமிடம் ஏறக்குறைய ஓடியிருக்கும்.

45 நிமிடம் தாண்டினால் தசை கரையும் என்று பயப்படுவது

கரையாது. இந்தப் பயத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் கார்டிசால் என்ற ஹார்மோன் பயிற்சியின்போது ஏறுவதும் சிறிது நேரத்தில் இறங்குவதும் வழக்கமான விஷயம்.

இரண்டு மணி நேரச் செஸ்ட்

இது எதிர்ப்பக்கத் தவறு. திங்கட்கிழமை என்றால் நெஞ்சுக்கு மட்டும் ஃபிளாட், இன்கிளைன், டிகிளைன், டம்பெல் ஃபிளை, கேபிள், மெஷின் என்று ஆறு பயிற்சி, ஒவ்வொன்றிலும் 4 செட். 24 செட் ஒரே தசைக்கு, ஒரே நாளில். முதல் 6 முதல் 8 கனமான செட்டுக்குப் பிறகு வரும் லாபம் மிகக் குறைவு. வலி மட்டும் வியாழன் வரை நிற்கும். ஒரு தசைக்கு வாரத்துக்கு 10 செட் என்பது புதியவருக்குத் தாராளம். அதை இரண்டு நாளாகப் பிரித்து 5, 5 என்று எடுத்தால் இரண்டு நாளும் புதுப் பலத்தோடு தூக்கலாம்.

போன்

ஸ்டாப்வாட்சுக்கு மட்டும்.

நேரம் போதவில்லை என்று வார்ம்-அப்பை விட்டுவிடுவது

60 கிலோ ஸ்குவாட்டுக்கு வெறும் பாரில் 10 ரெப், 40 கிலோவில் 5, 50 கிலோவில் 3, இரண்டு நிமிடம் விட்டு 60. ஐந்தாறு நிமிட வேலை. கடைசிப் பயிற்சியை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். இன்னொன்று: எல்லா பாரும் 20 கிலோ இல்லை. சின்ன ஜிம்களில் 10, 15 கிலோ பார் நிறைய. ஒருமுறை எடை மிஷினில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஜிம் மாறிய அன்று கணக்கு மொத்தமும் தப்பும்.

முதலில் அரை மணி ட்ரெட்மில்

கடைசிக்கு மாற்றுங்கள்.

மே மாதத்திலும் ஜனவரி கணக்கு

ஏசி இல்லாத ஜிம்மில், கடற்காற்றின் ஈரப்பதத்தில், வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும். ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் இதயத்துடிப்பு இறங்கவே நேரம் பிடிக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் ரெஸ்ட்டில் 30 முதல் 60 நொடி கூட்டி, ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு செட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். மொத்த நேரம் அதிகமாகாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் வெறும் தண்ணீர் போதாது. உப்பு போட்ட மோரோ எலுமிச்சை ஜூஸோ வேண்டும். தலைசுற்றல், குமட்டல், வெயிலிலும் உடம்பு சிலிர்ப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு நிழலில் உட்காருங்கள்.

நாற்பது நிமிடம்தான் இருக்கிறது என்று போகாமலே இருப்பது

ஓஎம்ஆர் டிராஃபிக்கில் மாட்டி எட்டு மணிக்கு வந்து சேருபவர்கள் சொல்லும் காரணம் இது. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்பது நிமிடமாக மூன்று நாள் வந்தாலே அதைத் தாண்டிவிடலாம். கர்ல், ரைஸ் போன்ற சின்னப் பயிற்சிகளை விடுங்கள். ஸ்குவாட்டை வார்ம்-அப்போடு 3 செட், முழு ரெஸ்ட்டில் முடியுங்கள். இருபது நிமிடம் ஆகும். பிறகு பெஞ்சையும் ரோவையும் ஜோடி சேர்க்கலாம்: பெஞ்ச் ஒரு செட், 90 நொடி, ரோ ஒரு செட், 90 நொடி, மறுபடி பெஞ்ச். தள்ளும் தசை ஓய்வெடுக்கும்போது இழுக்கும் தசை வேலை செய்யும். ஒரு தசைக்குக் கிடைக்கும் ரெஸ்ட் 3 நிமிடத்துக்கு மேல். மூன்று சுற்று முடிய பத்துப் பதினோரு நிமிடம். ஸ்குவாட்டையும் டெட்லிஃப்டையும் மட்டும் இப்படி ஜோடி சேர்க்க வேண்டாம். இரண்டுக்கும் பாரம் ஒரே முதுகில்தான் இறங்கும்.