இலையுதிர்காலத் தோட்டத்துக்கு நாட்டுச் செடிகள்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் செப்டம்பர் பிறந்தால் நர்சரி முழுக்கச் சாமந்தித் தொட்டிகள்தான். வாசலுக்கு அழகு, தாராளமாக வாங்குங்கள். ஆனால் பாத்தியில் வருஷா வருஷம் தழைக்க வேண்டியவை அந்த மண்ணின் நாட்டுச் செடிகள் என்பது என் உறுதியான எண்ணம். இளம் ராணி பம்பிள் தேனீ, கடைசியாகப் பூக்கும் பூக்களில் வயிறு நிறைத்து, கொழுப்பு சேர்த்துக்கொண்டுதான் குளிர்கால உறக்கத்துக்குப் போகிறது. மெக்ஸிகோவை நோக்கிப் பறக்கும் மொனார்க் பட்டாம்பூச்சிக்கும் வழியெல்லாம் தேன் வேண்டும்.

இரண்டே செடிக்குத்தான் இடம் என்றால், யோசிக்காமல் நியூ இங்கிலாந்து ஆஸ்டரையும் கோல்டன்ராடையும் பக்கத்தில் பக்கத்தில் நடுவேன். ஆஸ்டரின் ஊதாவும் கோல்டன்ராடின் மஞ்சளும் ஒரே சமயத்தில் பூக்கும். கோல்டன்ராடால் தும்மல் வரும் என்று பலர் ஒதுக்குகிறார்கள், அது வீண்பழி. அதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, பூச்சிகள்தான் சுமந்து போக வேண்டும். தும்ம வைப்பது அதே பருவத்தில் கண்ணில் படாத பச்சைப் பூக்களோடு நிற்கும் ராக்வீட் என்ற களைச்செடி. அதன் மகரந்தம் காற்றில் பரவுவது.

கனடா கோல்டன்ராட் மட்டும் சின்னத் தோட்டத்துக்கு வேண்டாம், தரைக்குள் ஓடி இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். சொலிடாகோ சீசியா என்ற கோல்டன்ராட் வகையைக் கேட்டு வாங்குங்கள். கொத்தாக நிற்கும், அரைநிழலிலும் பூக்கும்.

ஆஸ்டர் ஐந்தாறு அடிகூட வளர்ந்து சாயும். மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை இரண்டு மூன்று தடவை நுனியைக் கிள்ளி விட்டால் கிளைத்துக் குட்டையாக, நிறையப் பூக்கும். அதற்குப் பிறகு கிள்ளினால் மொட்டுதான் போகும். அடித்தண்டில் இலை காய்வது அதன் சுபாவம். அதை மறைக்க முன்வரிசையில் லிட்டில் புளூஸ்டெம் புல் வைக்கலாம். குளிர் ஏற ஏற அது செம்பு நிறத்துக்கு மாறும். ஈரம் தங்கும் மூலைக்கு டர்டில்ஹெட் என்ற பூச்செடி.

நடுவதற்கும் இதுவே நல்ல பருவம். காற்று குளிர்ந்தாலும் மண்ணில் சூடு இருப்பதால் வேர் ஓடிக்கொண்டே இருக்கும். மண் உறைவதற்கு ஆறு வாரம் முன்பாவது நட்டுவிடுங்கள். தொட்டியைப் போல் இரண்டு மடங்கு அகலமாகக் குழி எடுங்கள், ஆழம் தொட்டியளவு போதும். சுற்றிச் சுற்றி இறுகிய வேரை விரலால் பிரித்து விடுங்கள். உரம் இப்போது கூடாது, இளந்தளிர் வந்து பனியில் கருகும். மழை இல்லாத வாரங்களில் மண் உறையும்வரை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். அப்புறம் உதிர்ந்த இலைகளையே இரண்டங்குலம் மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல்.

சாமந்தி வாங்கும்போது மொட்டு அதிகம் இருக்கும் தொட்டியாக எடுங்கள். பூத்த செடியை அக்டோபரில் தரையில் நட்டால் வேர் பிடிக்க அவகாசம் இல்லை, பெரும்பாலும் குளிரில் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் வசந்தத்தில் நட வேண்டும்.

பூ முடிந்ததும் கத்தரிக்கோலோடு இறங்காதீர்கள். விதையைக் குருவிகள் தின்னும். காய்ந்த தண்டுகளை வசந்தத்தில் ஓரடி விட்டு வெட்டினால் போதும், சின்னத் தேனீக்கள் அந்தத் தண்டுகளின் துளைகளில் கூடு வைக்கும். கட்டை தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம், ஜூனுக்குள் புதுத் தழை மூடிவிடும்.