மருந்துச் சோதனைப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன்

புது மருந்துச் சோதனையில் சேரச் சொன்னால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டில் வைத்துப் படியுங்கள்.

முதலில், சிடிஆர்ஐ (மருந்துச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். இந்தியாவில் 2009 ஜூன் முதல் இது கட்டாயம். எண்ணை அந்த இணையதளத்தில் தேடினால் நடத்துவது யார், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்பது தெரியும். எண் இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம்.

அடுத்து, ‘பிளசிபோ’ (மருந்தே இல்லாத வெற்று மாத்திரை) என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். “டாக்டர் நமக்கு நல்லதைத்தான் தருவார்” என்று நினைக்கிறார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைத் தீர்மானிப்பதோ குலுக்கல். பல சோதனைகளில் டாக்டருக்கே அது தெரியாது. வேலைசெய்யும் மருந்து ஏற்கெனவே இருக்கும்போது வெற்று மாத்திரை தரலாமா என்பது மருத்துவ நெறிமுறை வல்லுநர்களிடையே இன்னும் தீராத சர்ச்சை. அதனால் நேராகக் கேளுங்கள்: “இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்துவீர்களா? நோய் முற்றினால் என்ன செய்வீர்கள்?” மழுப்பினால் சேராதீர்கள்.

மருந்துச் சோதனைகளுக்கான 2019 அரசு விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. காரணம் சொல்லாமலே எப்போதும் விலகலாம். ஆனால் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிவிட்டு விலகுங்கள். கையெழுத்தான படிவத்தின் நகலையும் சோதனையைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.