கிழமைக் காசுக்குப் பொருள் எடுக்குமுன் போட வேண்டிய கணக்கு

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியின் உட்கிராமங்களில் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் பல வேளைகளில் படலையடிக்கே வந்து விலைப்படுகின்றன. கொஞ்ச முற்பணம், மிகுதி கிழமைக்கு 2,000 ரூபாய் என்று முகவர் சொல்லும்போது, அந்த 2,000 ரூபாய் கையில் இருக்குமா என்றுதான் வீட்டார் யோசிக்கிறார்களே தவிர, பொருளின் முழு விலை என்னவாகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்கு விடை காண ஒரு கொப்பித் தாளும் கைத்தொலைபேசியில் உள்ள கணிப்பானும் போதும்.

முகவரிடம் முதலில் கேட்க வேண்டியவை கைக்காசு விலை (முழுத் தொகையையும் உடனே கொடுத்தால் உள்ள விலை), முற்பணம், தவணைத் தொகை, தவணைகளின் எண்ணிக்கை, ஆவணக் கட்டணம் முதலிய பிற செலவுகள் ஆகியவையே. இவற்றை எழுத்தில் தரத் தயங்குபவரிடம் பொருள் எடுக்க வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். குளிர்சாதனப் பெட்டியின் விலை 90,000 ரூபாய் என்கிறார் முகவர். முற்பணம் 10,000, மிகுதி 80,000 ரூபாய்க்காகக் கிழமைக்கு 2,000 வீதம் 52 கிழமைகள் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது தவணை மட்டும் 104,000 ரூபாய் ஆகிறது. மேலதிகமாகப் போவது 24,000 ரூபாய் என்பதால், வட்டி நூற்றுக்கு 30 வீதம்தான் என்று அவர் விளக்குவார். ஆனால் அந்த 80,000 ரூபாயும் ஆண்டு முழுவதும் உங்களிடம் இருப்பதில்லை. முதற் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறீர்கள். ஆண்டின் நடுப்பகுதியில் ஏறக்குறைய பாதி திரும்பிவிடும். ஆகவே சராசரியாக உங்களிடம் இருந்த கடன் சுமார் 40,000 ரூபாய்தான். அதற்கு 24,000 ரூபாய் என்பது 60 வீதம். கிழமைக்குக் கிழமை குறையும் நிலுவையை வைத்து நுணுக்கமாகக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 54 வீதம் வருகிறது.

கணக்கு இதோடு முடியவில்லை. அதே பெட்டியைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உள்ள கடையொன்றில் கைக்காசுக்கு 82,000 ரூபாய்க்கு வாங்க முடியுமென்றும், முகவர் ஆவணக் கட்டணமாக 2,500 ரூபாயை முன்கூட்டியே எடுக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் முற்பணமும் கட்டணமும் போக உங்களுக்கு உண்மையில் கிடைத்த கடன் 69,500 ரூபாய் மட்டுமே. அதற்காக 104,000 ரூபாய் கட்டுகிறீர்கள். உண்மையான ஆண்டு வட்டி ஏறக்குறைய 86 வீதம். விலையை விசாரிக்க ஒருமுறை பேருந்தில் ஏறிப் போய்வருவதை வீண்செலவென்று யாரும் நினைக்கக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொன்று, கிழமைக்கு 2,000 என்றால் மாதம் 8,000 என்று மனக்கணக்குப் போடுவது தவறு. ஆண்டுக்கு 52 கிழமைகள் என்பதால் மாதச் சுமை 8,667 ரூபாய். சில மாதங்களில் அறவிடும் நாள் ஐந்து முறை வரும்.

இதைவிடப் பெரிய இடர், வருமானம் வரும் காலமும் தவணை வரும் காலமும் பொருந்தாமையாகும். நெற்செய்கைக் குடும்பத்துக்குக் காசு வருவது காலபோக அறுவடையிலும், குளத்தில் நீர் இருந்தால் சிறுபோக அறுவடையிலும்தான். முல்லைத்தீவுக் கரையில் வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது படகுகள் இறங்குவதில்லை. தவணை இவற்றில் எதற்கும் காத்திருப்பதில்லை. எனவே கடந்த ஆண்டில் காசு இல்லாதிருந்த கிழமைகளை எண்ணிப் பாருங்கள். அந்தக் கிழமைகளில் நுண்கடன் எடுத்துத் தவணை கட்ட நேருமென்றால், அந்தக் கடனின் வட்டியும் பெட்டியின் விலையோடு சேர வேண்டியதே.

மின்கட்டணத்தையும் கூட்டுங்கள். சிறிய குளிர்சாதனப் பெட்டியே மாதம் சுமார் 30 அலகு எடுக்கக்கூடும். இதுவரை 45 அலகு பாவித்த வீடு 60ஐத் தாண்டும்போது, கூடிய அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் 60 அலகுகளுக்கும் உயர்ந்த வீதம் விழுகிறது. பழுதானால் திருத்துமிடம் எங்கே, கொண்டுபோகும் செலவு யாருடையது என்பதையும் முன்னரே கேட்டுவையுங்கள்.

பொறுத்திருக்க முடிந்தால் அதே எடுத்துக்காட்டின் மறுபக்கம் வியப்பூட்டும். முற்பணத்துக்கும் ஆவணக் கட்டணத்துக்கும் கொடுக்கவிருந்த 12,500 ரூபாயோடு அதே 2,000 ரூபாயைக் கிழமைதோறும் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ சேமித்தால், 35ஆவது கிழமையில் பெட்டியைக் கைக்காசுக்கு வாங்கலாம். மிகுதி 17 கிழமைகளின் 34,000 ரூபாய் வீட்டிலேயே நிற்கும். நம்பிக்கையானவர்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டும் உதவும். ஆனால் ஏலச்சீட்டில் கழிவு கொடுத்து முந்தி எடுத்தால் அந்தக் கழிவும் வட்டிதான்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால், தமிழில் எழுதப்பட்ட உடன்படிக்கையைக் கேளுங்கள். விளங்காத மொழியில் உள்ள தாளில் ஒப்பமிடாதீர்கள், அயலவரைப் பிணைக்கு ஒப்பமிடவும் விடாதீர்கள். வாடகைக் கொள்வனவு முறையில் கடைசித் தவணை வரை பொருள் விற்றவருக்கே உரியது. இத்தகைய உடன்படிக்கைகளுக்கென 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கொடுகடன் சட்டம் இருக்கிறது. தவணை பிந்தினால் தண்டம் எவ்வளவு, முன்கூட்டிக் கட்டி முடித்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பவை உடன்படிக்கையில் இருக்க வேண்டும். கட்டும் ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தவணை அட்டையில் முகவர் இடும் ஒப்பம் மட்டும் போதாது.

ஏற்கெனவே எடுத்துக் கட்ட முடியாமல் இருப்பவர்கள், அறவிட வருபவருக்கு ஒளிந்திருக்காமல், இதுவரை கட்டிய தொகையையும் கேட்கும் கால அவகாசத்தையும் எழுதி நிறுவனத்துக்கு அனுப்பி, பிரதியொன்றை வைத்துக்கொள்ள வேண்டும். பொருளைத் திருப்பிக் கொடுப்பதானால், மிகுதிக் கடன் எவ்வளவு, அது தீர்ந்ததா என்பதை எழுத்தில் பெறாமல் கொடுக்க வேண்டாம். விலையிலோ உத்தரவாதத்திலோ ஏமாற்றப்பட்டதாகக் கருதினால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.