ஒரே ராக் ஆல்பம், மூன்று வகைத் தட்டுகள்: வித்தியாசத்தைச் சரியாகக் கேட்பது எப்படி?

பிங்க் ஃபிளாய்டு குழு 1973இல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் சிடியாகவும், 2003இல் எஸ்ஏசிடியாகவும் (சூப்பர் ஆடியோ சிடி, சிடியைவிடக் கூடுதல் ஒலித் தகவலைத் தாங்கும் தட்டு), 2011இல் பெட்டித் தொகுப்புக்குள் ப்ளூ-ரேயாகவும் கிடைத்தது. இம்மூன்றையும் சென்னைக் கடலோரம் காசிமேட்டில் உள்ள என் வீட்டு அறையில் ஒப்பிட்ட முறையை இங்கே எழுதுகிறேன். ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர்களும் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருப்பதாகக் கொள்கிறேன்.

படி 1: மூன்றையும் வாசிக்கும் ஒரே பிளேயரைப் பயன்படுத்துங்கள். சோனி யூபிபி-எக்ஸ்800 போன்றதொன்று போதும்; இதற்கெனத் தனி எஸ்ஏசிடி பிளேயர் வாங்குவது என்னைப் பொறுத்தவரை வீண் செலவு. கடற்காற்றில் ஆர்சிஏ (பிளேயரையும் ஆம்ப்ளிஃபையரையும் இணைக்கும் ஒலிக் கேபிள்) முனைகள் கறுத்துவிடுவதால், அந்தக் கேபிளைப் பயன்படுத்துவோர் முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத் தொடங்கவும்.

படி 2: 2003ஆம் ஆண்டுத் தட்டு ஹைபிரிட் வகை, அதில் சிடி அடுக்கும் எஸ்ஏசிடி அடுக்கும் சேர்ந்தே இருக்கின்றன. எந்த அடுக்கு ஓடுகிறது என்பதைப் பிளேயரின் அமைப்புகளில் பார்த்து உறுதி செய்யுங்கள். அதிலுள்ள 5.1 கலவை, அதாவது ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு சப்வூஃபருக்குமான சுற்றொலிக் கலவை, ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி செய்தது. அதை ஸ்டீரியோவுடன் ஒப்பிடுவது இரண்டு வேறு கலவைகளை ஒப்பிடுவதாகிவிடும் என்பதால், எல்லாவற்றிலும் ஸ்டீரியோவையே தேர்ந்தெடுங்கள்.

படி 3: ஒலி அளவைச் சமப்படுத்துங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக்கூட நம் காது 'சத்தம் அதிகம்' என்று உணராமல் 'துல்லியம் அதிகம்' என்றே எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, சில ஆம்ப்ளிஃபையர்களில் எஸ்ஏசிடியின் ஒலி சிடியைவிடத் தணிந்தே வரும். கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலியைத் திறந்து, நீங்கள் அமரும் இடத்தில் காது உயரத்தில் வையுங்கள். 'மணி' பாடலில் கல்லாப்பெட்டிச் சத்தம் முடிந்து பேஸ் கித்தார் சீராக ஓடும் பகுதியை ஒவ்வொரு தட்டிலும் அரை நிமிடம் ஓடவிட்டு, உச்ச அளவை விட்டுவிட்டுச் சராசரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் அரை டெசிபலுக்குள் வரும்வரை வால்யூமைத் திருத்தி, ஒவ்வொரு தட்டுக்கும் உரிய வால்யூம் எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி தெருமுனையில் உறுமினால் அந்த அளவீடு செல்லாது, மறுபடியும் எடுங்கள்.

படி 4: வீட்டில் ஒருவரை மாற்றச் சொல்லி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள்.

ஹைபிரிட் தட்டின் இரண்டு அடுக்குகளுக்கும் இடையே வித்தியாசம் தெளிவாகவே கேட்கும். ஆனால் அதைத் தட்டு வகையின் பெருமையாக எண்ண வேண்டாம். சிடி அடுக்கில் ஒலியின் ஏற்ற இறக்கம் கூடுதலாக அமுக்கப்பட்டிருக்கிறது, அதாவது மாஸ்டரிங்கே (தட்டுக்குப் போகுமுன் ஒலியை இறுதியாகச் செப்பனிடும் வேலை) வேறு. வடிவத்தை மட்டும் சோதிக்க விரும்பினால், சிடியைவிட உயர்தரமான 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஒன்றை சிடியின் தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி, மூலத்துடன் ஒப்பிடுங்கள். மாற்றுவதற்கு, ஒலிக் கோப்புகளைக் கையாளும் கணினி நிரல்களில் ஆடாசிட்டியைவிட சாக்ஸையே (SoX) விரும்புகிறேன். அளவைச் சமப்படுத்திக் கேட்டபோது அவ்விரண்டையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. எனவே வாங்குவதற்கு முன் எந்த ஆண்டு மாஸ்டரிங் என்று பாருங்கள். தட்டின் வகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிற்சேர்க்கை: சிடி ஓடுகிறது, எஸ்ஏசிடியில் மட்டும் சத்தமே இல்லை என்று சிலர் எழுதியிருந்தனர். ஆப்டிகல் கேபிள் வழியே எஸ்ஏசிடி ஒலி வெளிவராது; எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாறுங்கள். அதன் பிறகும் வராவிட்டால், பிளேயரின் ஒலி அமைப்பில் டிஎஸ்டி (எஸ்ஏசிடியில் ஒலி பதிவாகியிருக்கும் வடிவம்) வெளியீட்டை நிறுத்திவிட்டு பிசிஎம் (சிடியில் உள்ள வகை வடிவம்) ஆக அனுப்பச் செய்யுங்கள். பிறகு படி 3ஐ மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.