இரண்டாம் கியர் முரண்டு பிடித்தால் ஆயிலைப் பாருங்கள்

குன்னூரில் மார்கழிக் காலையில் காரை எடுத்தால் முதல் பத்து நிமிடம் இரண்டாம் கியர் விழாது. அழுத்தித் தள்ளினால் கரகரவென்று அரைக்கும். கிளட்ச்தான் போய்விட்டது என்று பயந்தேன். கிளட்சில் ஒரு குறையும் இல்லை. முந்தைய சர்வீசில் கியர்பாக்சில் ஊற்றியிருந்த ஆயில்தான் தவறு. டின்னைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்: 80டபிள்யூ-90 (இது தடிமன்), ஜிஎல் 5 (இது கியர் ஆயிலின் வகை). என் காரின் கையேடு கேட்பதோ 75டபிள்யூ-80, ஜிஎல் 4.

"நான்கைவிட ஐந்து உசத்திதானே" என்று சர்வீஸ் செய்த இடத்தில் சொன்னார்கள். இந்த எண்ணம் எத்தனை கியர்பாக்ஸ்களைக் கெடுத்திருக்குமோ! அது தரவரிசை இல்லை, வேலைப் பிரிவு. ஜிஎல் 5 முக்கியமாகப் பின்சக்கர அச்சின் டிஃபரன்ஷியலுக்கானது, அதாவது இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரத் தொகுதிக்கானது. அங்கே ஹைபாய்டு எனும் வளைந்த பற்கள் ஒன்றன்மேல் ஒன்று கடும் அழுத்தத்தில் சறுக்குவதால், கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மானம் ஜிஎல் 4-ஐப்போல ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். கியர்பாக்சில் நிலைமை வேறு. கியர் விழும் முன் இரு பக்கத்து வேகத்தையும் சமன்செய்வது சிங்க்ரோ வளையம். பல கார்களில் அது பித்தளை. உராய்ந்து பிடித்தால்தான் அதற்கு வேலையே. அளவுக்கு மீறி வழுக்கும் ஆயிலில் அது பிடிக்காது. கந்தகம் பித்தளையை அரிக்கவும் கூடும். இன்றைய ஜிஎல் 5 ஆயில்கள் பலவற்றில் அரிப்பு குறைவுதான். வழுக்கல் அப்படியே இருக்கிறது.

அதற்காக எல்லாக் காருக்கும் ஜிஎல் 4 என்று முடிவு கட்டாதீர்கள். டிஃபரன்ஷியலும் கியரும் ஒரே ஆயிலில் ஓடும் சுபாரு கார்கள் பலவற்றுக்கு ஜிஎல் 5 வேண்டும். ஹோண்டா தன் மேனுவல் கியர்பாக்சுக்கென்று எம்டிஎஃப் என்ற தனி ஆயில் வைத்திருக்கிறது. சில கியர்பாக்ஸ்கள் ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்சுக்கான ஆயில், கேட்கும். கையேடு சொல்வதே முடிவு.

அடுத்தது தடிமன். டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் சிறியதானால் குளிரிலும் ஆயில் இளகி ஓடும். மலையில் இருப்பவர்கள் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது. பெரிய எண்களைக் கண்டு மிரளவும் வேண்டாம். கியர் ஆயிலின் அளவுகோல் வேறு, என்ஜின் ஆயிலின் அளவுகோல் வேறு. சூட்டில் 75டபிள்யூ-90-இன் தடிமன் 10டபிள்யூ-40 என்ஜின் ஆயிலுக்கு அருகில்தான் வரும்.

மாற்றும்போது, நிரப்பும் துளையின் மூடியை முதலில் கழற்றுங்கள். ஆயிலை வடித்த பிறகு அது இறுகிக்கொண்டு திறக்காவிட்டால் வண்டியை நகர்த்தவே முடியாது. சமதரையில் நிறுத்தி, துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வழியும்வரை ஊற்றினால் பெரும்பாலான கார்களுக்கு அதுவே சரியான அளவு.

வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன்தூள்போல மினுங்கி, காந்தத்தில் ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் சிங்க்ரோவின் பித்தளை. என்னுடையதில் லேசாகத்தான் இருந்தது. ஆயில் மாற்றிய மறுநாள் விடியலில் இரண்டாம் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.