வீட்டு வேலைக்கு நடுவே ஒரு குஷன் உறை: மலையில் இருப்பவர்களுக்கான தையல் செய்முறை

காலையில் டிபன் பாக்ஸ், மதியம் சமையல், சாயங்காலம் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்று ஓடும் வீட்டில் தையலுக்கென்று தனியாக இரண்டு மணி நேரம் கிடைக்காது. கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் வாங்கிவைத்த துணி பீரோவிலேயே பூஞ்சை பிடிக்கும். கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால் 16 அங்குலக் குஷன் உறை ஒன்றைப் பூவேலையோடு, அன்றாட வேலைக்கு நடுவிலேயே முடிப்பது எப்படி என்று சொல்கிறேன். இந்த முறை கைக்குப் பழகிவிட்டால் நைட்டி, பாவாடை, ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் இதுவே போதும்.

1. வேலையை மூன்றாகப் பிரியுங்கள்

'இன்றைக்குத் தைக்கணும்' என்று நினைக்காதீர்கள். அதற்குள் மூன்று விதமான வேலை இருக்கிறது.

அளப்பது, வெட்டுவது, டிசைன் வரைவது தலை வேலை. நடுவில் யாராவது "அம்மா, காம்பஸ் பாக்ஸ் எங்கே?" என்று கூப்பிட்டால் அரை அங்குலம் தப்பிவிடும். அடுத்தது மெஷின் வேலை. அதற்கு இடம் வேண்டும், மோட்டார் போட்ட மெஷின் என்றால் கரண்டும் வேண்டும். சத்தம் வேறு வரும். மூன்றாவது மடி வேலை: பூவேலை, ஹெம்மிங், பட்டன், ஊக்கு வைப்பது. குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஒரு சாண் ஹெம்மிங் ஓடிவிடும். யார் கூப்பிட்டாலும் கீழே வைத்துவிட்டுப் போகலாம்.

வாரத்தில் ஒரே ஒரு அரை நாளைத் தலை வேலைக்கு ஒதுக்குங்கள். மற்ற நாட்களில் மடி வேலை மட்டும் என்றாலும் பரவாயில்லை, உறை வளர்ந்துகொண்டே இருக்கும்.

இப்படிப் பிரிப்பது புதிதும் அல்ல. நம் மலையின் தோடர் பெண்கள் பூத்துக்குளி என்ற தங்கள் போர்வையில் போடும் பூவேலையைக் கவனித்திருப்பீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல். துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை, துணியை இறுக்கிப் பிடிக்கும் வளைய ஃபிரேம் மாட்டுவதும் இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி ஓட்டுகிறார்கள். மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம், விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ணிக்கொள்ளலாம். மடி வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கலை எனக்குத் தெரியவில்லை. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த டிசைனைப் பார்த்துப் போட்டு விற்கக் கிளம்பாதீர்கள், அது அவர்களுடையது.

2. வெளிச்சத்தையும் மாதத்தையும் பாருங்கள்

இங்கே மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கிவிட்டால் ஜன்னல் ஓரத்தில்கூடக் கறுப்பு நூலும் கருநீல நூலும் ஒன்றாகத்தான் தெரியும். ஆகவே நிறம் தேர்ந்தெடுப்பது, ஊசி கோப்பது, டிசைன் வரைவது எல்லாம் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள். ராத்திரி உட்கார்ந்தால் ஒரே நிறத்தில் ஓடுகிற வேலையை மட்டும் எடுங்கள். நாலு ஊசியில் முன்கூட்டியே நூல் கோத்து வைத்துக்கொண்டால் கண்ணுக்கு நல்லது.

மாதக் கணக்கு இன்னும் முக்கியம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் நன்றாக இருக்கும். துணி நனைத்துக் காய வைப்பது, வெட்டுவது எல்லாவற்றையும் அப்போதே முடித்து வையுங்கள். மே மாதம் எதையும் புதிதாக ஆரம்பிக்காதீர்கள். கோயம்புத்தூர், திருப்பூர் சொந்தக்காரர்கள் எல்லாம் மலர்க் கண்காட்சி பார்க்க நம் வீட்டில்தான் இறங்குவார்கள். கூடலூர், ஊட்டிக்கு ஜூன், ஜூலையிலும் கோத்தகிரி, குன்னூருக்கு அக்டோபர், நவம்பரிலும் மழை கொட்டும். மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களில் மடி வேலைதான். பழைய கால்மிதி மெஷின் வைத்திருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், யார் சொன்னாலும் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

3. துணியும் வெட்டும்

36 அங்குல அகலக் காடாத் துணி (வெளுக்காத முரட்டுப் பருத்தி) ஒரு மீட்டர் வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, அலசிக் காயவைத்து, தேய்த்துக்கொள்ளுங்கள். காடா கண்டிப்பாகச் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் குஷன் உள்ளே போகாது.

முன்பக்கத்துக்கு 20 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டுங்கள். தேவை 17 அங்குலம்தான், ஆனால் பூவேலை துணியைக் கொஞ்சம் இழுக்கும், அதனால் கடைசியில்தான் அளவுக்கு வெட்ட வேண்டும். பின்பக்கத்துக்கு 17-க்கு 11½ அங்குலத்தில் இரண்டு துண்டு. மிச்சமிருக்கும் துணியைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. பூவேலை

டிசைனுக்கு எங்கேயும் தேட வேண்டாம். இரண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு: தேயிலைக் கொழுந்து. நாலு அங்குல உயரத்தில் பென்சிலால் லேசாக வரையுங்கள். ஆறு அங்குல ஃபிரேம் போதும்.

எம்பிராய்டரி நூல் ஆறு இழை சேர்ந்து வரும். அதிலிருந்து இரண்டு இழை மட்டும் பிரித்து, 18 அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். 'அடிக்கடி கோக்க வேண்டுமே' என்று நீளமாக எடுத்தால் சிக்கு விழும், சிக்கெடுப்பதற்குள் பால் பொங்கிவிடும்.

எல்லாரும் முதலில் சங்கிலித் தையல் சொல்லிக்கொடுப்பார்கள். அடிக்கடி எழுந்து போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கடைசி வளையத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனால், பிள்ளை ஒரு இழு இழுத்ததும் மொத்தச் சங்கிலியும் உருவிக்கொண்டு வரும். காம்புத் தையல் போடுங்கள். கோட்டின் இடது நுனியில் ஊசியை மேலே எடுத்து, கால் அங்குலம் தள்ளி வலப்பக்கம் கீழே இறக்குங்கள். நூலை முழுக்க இழுப்பதற்கு முன், அந்தக் கால் அங்குலத்தின் நடுவில் ஊசி மறுபடி மேலே வரட்டும். அடுத்த தையலும் இதே போல, முந்தைய தையலின் பாதியிலிருந்து கிளம்பும். நூல் எப்போதும் கோட்டுக்குக் கீழ்ப்பக்கமே விழ வேண்டும். ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே என்று மாறினால் கயிறு முறுக்கிய மாதிரி அழகு வராது. இலை ஓரமும் நடு நரம்பும் இந்தத் தையலில். மொட்டை மட்டும் நெருக்கமாக நேர்த் தையல் போட்டு நிரப்புங்கள்.

எழுந்து போகும்போது ஊசியைத் துணியின் ஓரத்தில், டிசைனுக்கு வெளியே குத்திவையுங்கள். ராத்திரி ஃபிரேமைக் கழற்றிவிட வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு வளையத் தடம் ஆழமாகப் பதியும், திருகு இரும்பாக இருந்தால் துருக்கறையும் சேர்ந்துகொள்ளும். ஊசிகளை மெஷின் ஆயில் ஒரு சொட்டு விட்ட கம்பளித் துண்டில் குத்திவைத்தால் துரு ஏறாது. அடுத்த நாள் அதை எடுத்ததும் எண்ணெய் போகத் துடைத்துவிட்டுக் கோக்கவும். ஐந்து ஊசி எடுத்தால் ஐந்தும் திரும்ப வந்ததா என்று எண்ணாமல் டப்பாவை மூடாதீர்கள், தவழும் குழந்தை உள்ள வீட்டில் இதில் சமரசமே கிடையாது.

5. நடுவில் ஒரு விஷயம்: 'அண்ணி, ஒரே ஒரு ஜாக்கெட்'

மெஷின் ஓடும் சத்தம் கேட்டாலே பழைய புடவைக்கு ஃபால்ஸ், ஸ்கூல் யூனிஃபார்முக்கு ஹெம்மிங் எல்லாம் தானாக வந்து சேரும். நாத்தனார் கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி மறுக்கவும் முடியாது. "சரிம்மா, பொங்கல் முடியட்டும், நீயே துணியை நனைத்துக் காயவைத்துக் கொண்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் டைலரிடம் போய்விடுவார்கள். கொண்டு வருகிறவர்களுக்குச் சந்தோஷமாகத் தைத்துக் கொடுங்கள், ஆனால் அதை மெஷின் வேலை நாளில் மட்டும். மடி வேலை உங்களுடையதாகவே இருக்கட்டும்.

6. மெஷினில் சேர்ப்பது

இரண்டு தடவையாகச் செய்யுங்கள். 14-ஆம் நம்பர் ஊசி. டிசம்பர், ஜனவரிக் குளிரில் மெஷினில் எண்ணெய் இறுகியிருக்கும், நூல் கோக்காமல் ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் தடவை: பின்பக்கத் துண்டுகள் இரண்டிலும் 17 அங்குல ஓரம் ஒன்றை அரை அங்குலம், மறுபடி அரை அங்குலம் மடித்து அடியுங்கள். ஒவ்வொன்றின் அகலமும் 10½ ஆகும். அன்றைக்கு அது போதும்.

இரண்டாவது தடவை: பூவேலையை நடுவில் வைத்து முன்பக்கத்தை 17 அங்குலச் சதுரமாக வெட்டி, நல்ல பக்கம் மேலே தெரிய விரியுங்கள். அதன்மேல் பின்துண்டுகளை நல்ல பக்கம் கீழாக, மடித்து அடித்த ஓரங்கள் நடுவில் நாலு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு வையுங்கள். குண்டூசி குத்தி, நாலு பக்கமும் அரை அங்குலம் விட்டு அடியுங்கள். இரண்டு துண்டும் சேரும் இடங்களில் இரட்டைத் தையல் போடவேண்டும், குஷனை நுழைக்கும்போது அங்கேதான் பிரியும். ஓரத்தில் ஜிக்ஜாக் ஓட்டி, மூலைகளைத் தையலைத் தொடாமல் வெட்டித் திருப்புங்கள். ஜிப், பட்டன் எதுவும் தேவையில்லை.

தேய்க்கும்போது பழைய டவலை நாலாக மடித்துப் போட்டு, பூவேலை கீழே இருக்குமாறு கவிழ்த்து, பின்புறத்திலிருந்து தேயுங்கள், தையல் அமுங்காது. சிவப்பு நூல் போட்டிருந்தால் முதல் தடவை துவைப்பதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த உறையை மற்ற துணிகளோடு போடாமல் தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசி உடனே விரித்துக் காயப்போடுங்கள். மழைக்காலம் என்றால் துவைக்கவே வேண்டாம், வெயில் வரட்டும்.