ஒரே கவுண்டி, மூன்று சரியான விடைகள்: அமெரிக்க இனவாரி எண்களை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் வெள்ளையர் எத்தனை விழுக்காடு? 2010 கணக்கெடுப்பின் இன அட்டவணையில் 50.3. அதே கணக்கெடுப்பின் இன்னொரு அட்டவணையில் 27.8. கணக்கெடுப்புத் துறை கவுண்டிகளுக்கென்று வைத்திருக்கும் ‘குவிக் ஃபேக்ட்ஸ்’ பக்கத்தில் 70-ஐ ஒட்டிய ஓர் எண். மூன்றுமே சரிதான். அட்டவணையின் தலைப்பை அங்கேயே விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிய்த்துக்கொண்டு வரும்போதுதான் தவறு நேர்கிறது.

படிவத்தில் கேள்விகள் இரண்டு. முதல் கேள்வி, நீங்கள் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ (மெக்சிகோ, கியூபா போன்ற ஸ்பானிய மொழி நாடுகளின்) பூர்வீகம் கொண்டவரா என்பது. அடுத்ததுதான் இனம். ஹிஸ்பானிக் என்பது அங்கே இனமாகக் கொள்ளப்படுவதில்லை. மெக்சிகோ பூர்வீகம் கொண்ட ஒருவர் இரண்டாவது கேள்வியில் வெள்ளையர், கறுப்பினத்தவர், அமெரிக்கப் பூர்வகுடி, வேறு இனம் என எதை வேண்டுமானாலும் குறிக்கலாம்.

இதை மறந்தால் வரும் முதல் தவறு, எல்லாவற்றையும் ஒரே வட்ட வரைபடத்தில் போட்டுவிடுவது. 2010-இல் அந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 98,18,605. இன வரிசைகளைக் கூட்டினாலே 100 விழுக்காடு வந்துவிடும். அதன்மேல் ஹிஸ்பானிக் 47.7 விழுக்காட்டையும் சேர்த்தால் 147.7.

இதைச் சரிசெய்கிறேன் என்று வெள்ளையர் எண்ணிக்கையிலிருந்து ஹிஸ்பானிக் எண்ணிக்கையைக் கழிப்பது அதைவிடப் பெரிய தவறு. 49,36,599-இலிருந்து 46,87,889-ஐக் கழித்தால் 2,48,710 வரும். ஆனால் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரின் உண்மையான எண்ணிக்கை 27,28,321. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். காரணம், ஹிஸ்பானிக் மக்களில் ஏறத்தாழ 22 லட்சம் பேர்தான் தங்களை வெள்ளையர் என்று குறித்தவர்கள். இன்னும் 21 லட்சம் பேர் ‘வேறு இனம்’ என்ற கட்டத்தைக் குறித்தார்கள். கழித்துக் கண்டுபிடிக்கவே கூடாது. அதற்கென்று தனி அட்டவணை இருக்கிறது.

பத்தாண்டுக் கணக்கெடுப்பில் அதன் பெயர் பி2 (P2). ஆண்டுதோறும் நடக்கும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயில் பி03002 (B03002). ஹிஸ்பானிக் மக்கள் அனைவரும் ஒரே வரியில் இருப்பார்கள். மற்றவர்கள் இனவாரியாக ஏழு வரிகளில் இருப்பார்கள். எட்டையும் கூட்டினால் சரியாக மொத்த மக்கள்தொகை வரும். 2020-இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கு வந்த எண்கள்: ஹிஸ்பானிக் 48,04,763, வெள்ளையர் 25,63,609, ஆசியர் 14,74,237, கறுப்பினத்தவர் 7,60,689, பல இனத்தவர் 3,13,053, வேறு இனம் 58,683, பசிபிக் தீவினர் 20,522, பூர்வகுடிகள் 18,453. மொத்தம் 1,00,14,009. எந்த அட்டவணையை எடுத்தாலும் முதலில் இப்படிக் கூட்டிப் பார்த்துவிடுங்கள். கூட்டுத்தொகை பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒரு வரி இரண்டு முறை வந்திருக்கிறது, அல்லது விடுபட்டிருக்கிறது.

அந்த 70 விழுக்காடு எங்கிருந்து வந்தது? குவிக் ஃபேக்ட்ஸ் பக்கத்தின் இன எண்கள், கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளுக்கான மதிப்பீட்டிலிருந்து வருபவை. அந்த மதிப்பீட்டில் ‘வேறு இனம்’ என்ற வகையே கிடையாது. அதைக் குறித்தவர்களை மற்ற இனங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பகுதி வெள்ளையர் வரியில் போய்ச் சேர்கிறது. ஆகவே கணக்கெடுப்பின் எண்ணையும் இந்தப் பக்கத்தின் எண்ணையும் அருகருகே வைத்து “வெள்ளையர் பெருகிவிட்டார்கள்” என்று எழுதினால் அது முழுப் பொய்யாகிவிடும்.

பி2 அட்டவணை வசதியானதுதான். ஆனாலும் அது மறைப்பதையும் அறிந்துதான் பயன்படுத்த வேண்டும். 2010-இல் பூர்வகுடி என்று மட்டும் குறித்தவர்கள் இந்தக் கவுண்டியில் 72,828 பேர். ஹிஸ்பானிக் அல்லாதவர் வரியில் அவர்களில் மிஞ்சுவது 18,886 மட்டுமே. நால்வரில் மூவர் காணாமல் போகிறார்கள். மத்திய, தென் அமெரிக்கப் பூர்வகுடிகளும் இந்த வகைக்குள் அடங்குவார்கள். மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்திலிருந்து வந்த சபோட்டெக் மக்கள், குவாத்தமாலாவின் மாயா மக்கள் போன்றோர் ஹிஸ்பானிக் கட்டத்தையும் குறித்தால் பி2-இன் பூர்வகுடி வரியில் இடம்பெறுவதில்லை. பூர்வகுடிகளைப் பற்றி எழுதுகிறவர் ஹிஸ்பானிக் பிரிப்பு இல்லாத பி1 (P1) இன அட்டவணைக்குப் போயே ஆக வேண்டும்.

‘மட்டும்’ என்ற சொல்லை விட்டுவிடுதல்

2000-ஆம் ஆண்டிலிருந்து ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம். அதனால் ஒவ்வோர் இனத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு: அதை மட்டும் குறித்தவர்கள், அதைத் தனியாகவோ பிற இனங்களோடு சேர்த்தோ குறித்தவர்கள். முன்னது கீழ் எல்லை, பின்னது மேல் எல்லை. 2020-இல் நாடு முழுவதும் ஆசியர் மட்டும் என்றால் 1.99 கோடி, சேர்த்துக் குறித்தவர்களையும் எடுத்தால் 2.4 கோடி. இரண்டாவது வகை எண்களை ஒன்றோடொன்று கூட்டக் கூடாது. ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் இருப்பார்.

இதனோடு ஒட்டியதுதான் 2010, 2020 ஒப்பீட்டில் பலரும் வழுக்கும் இடம். நாட்டில் பல இனத்தவர் 90 லட்சத்திலிருந்து 3.38 கோடியாக உயர்ந்தார்கள். வெள்ளையர் மட்டும் என்பது 22.36 கோடியிலிருந்து 20.43 கோடியாக இறங்கியது. பத்தே ஆண்டில் மக்கள் அப்படி மாறிவிடவில்லை. 2020 படிவத்தில் வெள்ளையர், கறுப்பினத்தவர் கட்டங்களுக்குக் கீழும் பூர்வீகத்தை எழுத இடம் விட்டார்கள். எழுதியதில் முன்பு 30 எழுத்துகள் வரை பதிவானது. இப்போது 200 வரை. எழுதியதை வகைப்படுத்த முன்பு இரண்டு குறியீடுகள் வரை தந்தார்கள், இப்போது ஆறு. வெள்ளையர் என்று குறித்துவிட்டுக் கீழே வேறொரு பூர்வீகத்தையும் எழுதியவர் பல இனத்தவர் கணக்கில் சேர்ந்துவிட்டார். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலும் ஹிஸ்பானிக் அல்லாத பல இனத்தவர் 1,94,921-இலிருந்து 3,13,053 ஆனார்கள். இதை எழுதும்போது படிவமும் குறியீட்டு முறையும் மாறியதை அதே பத்தியில் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

விழுக்காட்டுப் புள்ளியும் விழுக்காடும் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் பங்கு 27.8-இலிருந்து 25.6 ஆனது 2.2 புள்ளிச் சரிவு. ஆட்களின் எண்ணிக்கையில் 1,64,712 பேர், அதாவது 6 விழுக்காடு குறைவு.

எந்தப் பெயர் யாரைக் குறிக்கிறது

தமிழில் எழுதுவோர் அதிகம் சறுக்குவது ‘அமெரிக்கன் இந்தியன்’ என்ற சொல்லில். அது நம் ஊரிலிருந்து போனவர்களைக் குறிப்பதில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளைக் குறிக்கிறது. அதை ‘அமெரிக்க இந்தியர்’ என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் நியூ ஜெர்சியில் கணினி வேலை பார்க்கும் உறவினரைத்தான் நினைத்துக்கொள்வார். இந்தியாவிலிருந்து போனவர்கள் ‘ஏசியன் இந்தியன்’ என்ற தலைப்பில், ஆசியர் வகைக்குள் வருகிறார்கள். அதுவும் 1980-இலிருந்துதான். 1970 கணக்கெடுப்பில் அவர்களை வெள்ளையரோடு சேர்த்திருந்தார்கள். 1930, 1940 கணக்கெடுப்புகளிலோ ‘இந்து’ என்பதே ஓர் இனப் பெயர். பழைய அட்டவணைகளை வைத்து நீண்ட காலக் கோடு வரைகிறவர்கள் அந்த ஆண்டுகளில் கோட்டை முறித்துக் காட்ட வேண்டும்.

கிளெண்டேல் நகரின் ஆர்மீனியர்களும், லாஸ் ஏஞ்சலஸின் ஈரானியர்களும் 2020 வரை வெள்ளையர் வரியில்தான் எண்ணப்பட்டார்கள். 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட புதிய கூட்டாட்சித் தரநிலையில் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பூர்வீகம் தனி வகை. ஹிஸ்பானிக் கேள்வியும் இனக் கேள்வியும் ஒன்றாகின்றன. அந்த முறையில் வெளியாகும் எண்களைப் பழைய எண்களோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

இடமும் குறியீடும்

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் வேறு, கவுண்டி வேறு. கவுண்டிக்குள் 88 நகரங்கள் இருக்கின்றன. 2020-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வாழ்ந்தவர்கள் 38,98,747 பேர், கவுண்டியில் ஒரு கோடிக்கும் மேல். வர்ஜீனியாவில் இன்னும் சிக்கல்: ஃபேர்ஃபேக்ஸ் நகரம் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியில் சேராது. கனெக்டிகட்டின் 8 கவுண்டிகளுக்குப் பதிலாக 9 திட்டமிடல் மண்டலங்களை 2022-இலிருந்து கணக்கெடுப்புத் துறை பயன்படுத்துகிறது. பழைய பெயரைத் தேடினால் புதிய தரவு கிடைக்காது.

ஒவ்வொரு கவுண்டிக்கும் ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. லாஸ் ஏஞ்சலஸுக்கு 06037. எக்செல்லில் கோப்பைத் திறந்த உடனே முன்னால் இருக்கும் சுழியம் உதிர்ந்து 6037 ஆகிவிடும்; வேறு கோப்போடு இணைக்கும்போது கலிபோர்னியா முழுவதும் காலியாக வரும். அந்த நெடுவரிசையை உரையாக வாசிக்கச் சொல்லித் திறக்க வேண்டும்.

மாதிரிக் கணக்கும் முழுக் கணக்கும்

கம்யூனிட்டி சர்வே மாதிரி ஆய்வு. 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கே முழு ஓராண்டுத் தரவு வரும். மற்ற இடங்களுக்குப் பொதுவாக ஐந்தாண்டுத் தரவுதான். ஒவ்வோர் எண்ணோடும் 90 விழுக்காடு நம்பக அளவில் ஒரு பிழை வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். சிறு சமூகங்களைப் பற்றிப் பேசும்போது அதுதான் உயிர்நாடி. ஒரு குழு ஓர் ஆண்டு 1,200 (வரம்பு 450), இன்னோர் ஆண்டு 1,600 (வரம்பு 500) என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரம்புகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 673. வித்தியாசம் 400 மட்டுமே. எனவே வளர்ச்சி என்று சொல்ல ஆதாரம் இல்லை. 2018–2022 தரவையும் 2019–2023 தரவையும் ஒப்பிடுவதும் வீண். நான்கு ஆண்டுகள் இரண்டிலும் இருக்கின்றன.

பத்தாண்டுக் கணக்கெடுப்பிலும் விடுபடல் உண்டு. 2020-இல் நாட்டளவில் ஹிஸ்பானிக் மக்கள் 4.99 விழுக்காடும், கறுப்பினத்தவர் 3.30 விழுக்காடும் குறைவாக எண்ணப்பட்டதாகத் துறையே பின்னாய்வில் கண்டது. அதற்காகக் கவுண்டி எண்ணை 1.05-ஆல் பெருக்கிவிடக் கூடாது. இனவாரி விடுபடல் கவுண்டி அளவில் கணக்கிடப்படவில்லை. அது இடத்துக்கு இடம் மாறும். தனிநபர் அடையாளத்தைக் காக்க 2020 எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றங்களும் கலக்கப்பட்டிருக்கின்றன. பெரிய கவுண்டியின் வரியை அது பெரிதாகப் பாதிக்காது. ஒரே ஒரு தெருத்தொகுதியின் இன எண்ணை மேற்கோள் காட்டினால் மோசம் போய்விடுவீர்கள்.

ஒரு கவுண்டியில் தமிழர் எத்தனை பேர் என்று தேடுபவருக்கு இன அட்டவணை விடை தராது. ‘ஏசியன் இந்தியன்’ எல்லா மாநிலத்தாரையும் சேர்த்த எண். ஈழத்திலிருந்து வந்தவர் தன்னை ‘ஸ்ரீலங்கன்’ என்று எழுதியிருக்கலாம், மலேசியாவிலிருந்து வந்தவர் ‘மலேசியன்’ என்று. வீட்டில் பேசும் மொழி பற்றிய சர்வே கேள்விதான் கொஞ்சம் நெருங்கி வரும். அது 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசும் தமிழ்ப் பிள்ளைகள் அதிலும் இல்லை. அந்த எண்ணை ‘தமிழர்’ என்று எழுதாமல் ‘வீட்டில் தமிழ் பேசுவோர்’ என்றே எழுதுங்கள், பிழை வரம்போடு.